நுண்கலை முதுமாணி: எங்கே படிப்பது, காசுக்கு என்ன செய்வது?

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். யாழ்ப்பாணத்தில் இளமாணி முடித்து, அப்புறம் புலமைப்பரிசிலில் இந்தியா போய் முதுமாணி முடித்தேன். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. பஸ்ஸில் கேட்கிறார்கள், கோவில் திருவிழாவில் கேட்கிறார்கள், இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைப் பிள்ளைகள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு பெற்றோர் கேட்டவை.

டீச்சர், எம்.எஃப்.ஏ., எம்.வி.ஏ., எம்.ஏ. எல்லாம் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட. ஆனாலும் விண்ணப்பம் போடும்போது வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுமாணி) என்பது ஸ்டுடியோவில் வேலை செய்து, கடைசியில் கண்காட்சி வைத்து எடுக்கிற பட்டம். அமெரிக்காவில் இரண்டு அல்லது மூன்று வருடம். ஓவியம், சிற்பம் படிப்பிப்பவர்களுக்கு அங்கே இதுதான் உச்சப் பட்டம். கலாநிதிப் பட்டம் இல்லாமலே பேராசிரியராக வரலாம். இந்தியாவில் இதையே சில இடங்களில் எம்.வி.ஏ. (கட்புலக்கலை முதுமாணி) என்பார்கள், பரோடாவில் அப்படித்தான். அதுவும் இரண்டு வருடம். பிரித்தானியாவில் எம்.ஏ. பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், எம்.எஃப்.ஏ. என்றால் வழக்கமாக இரண்டு வருடம். கலை வரலாறும் கோட்பாடும்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் எம்.ஏ. அல்லது எம்.ஃபில். பக்கம் போங்கள். நூலகத்தில் சந்தோஷமாக இருக்கிற பிள்ளை ஸ்டுடியோவில் இரண்டு வருடம் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படிப்பு எனக்கு உண்மையிலேயே தேவையா?

எதற்காக என்று முதலில் சொல்லுங்கள்.

பாடசாலை ஆசிரியராக இருந்து சேவையில் முன்னேறத்தான் என்றால், பட்டப்பின் கல்வி டிப்ளோமா அதைவிட நேராக உதவும். அதை முதலில் முடியுங்கள்.

பல்கலைக்கழக விரிவுரையாளராக வேண்டும் என்றால் தேவைதான். ஆனால் எந்த முதுமாணி என்பதில் கவனம் வேண்டும். இலங்கைத் தகைமைகள் சட்டகம் முதுமாணிகளை இரண்டு மட்டமாகப் பிரிக்கிறது: பாடநெறி மட்டும் உள்ளது 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். எம்.ஃபில். 11. வெளிநாட்டில் ஒரு வருடப் படிப்பை முடித்துவிட்டு வந்து, ஆய்வுப் பகுதி போதாது என்று நேர்முகத்தில் கேட்டபோது திகைத்து நின்றவர்கள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் போகும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கலைஞராக வேண்டும் என்றால்? பட்டம் இல்லாமலும் ஆகலாம். முதுமாணி தருவது மூன்று விஷயம்: நேரம், இடம், உங்கள் வேலையைப் பார்த்து முகத்துக்கு நேரே பேசக்கூடிய நாலு பேர். லயத்து அறையில், தம்பி படிக்கும் மேசையின் ஓரத்தில், இரவு பத்து மணிக்குப் பிறகு வரைகிற ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. எனக்கு முதன்முதலாகச் சொந்தமாக ஒரு சுவர் கிடைத்தது இருபத்தாறு வயதில், இந்தியாவில் ஒரு ஸ்டுடியோவில்தான். அதில் ஆணி அடிக்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாட்டை விட்டுப் போகாமல் படிக்க முடியாதா?

முடியும். மலையகத்துக்குப் பக்கம் பேராதனை. ஹட்டனில் இருந்து பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் போல. அங்கே நுண்கலைத் துறை இருக்கிறது, பட்டப்பின் படிப்புகளுக்குத் தனி நிறுவகமும் இருக்கிறது. கலை வரலாறு, ஆய்வு என்று போகிறவர்களுக்கு நல்ல இடம், நூலகமும் நல்லது. யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கலை வரலாற்றுக்கு யாழ்ப்பாணத்தில் வேறு துறையும் உண்டு. மட்டக்களப்பில் கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம், 2005இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஸ்டுடியோ வசதி கொழும்பில் கூட, ஆனால் அங்கே பேச்சும் விமர்சனமும் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். சிங்களம் நன்றாகப் பேசும் பிள்ளைகள் மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் இதை யோசிப்பதே இல்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆய்வு வழியில் போகிறவர்களுக்கு உள்ளூரில் ஒரு பெரிய வசதி, வேலையை விடாமல் பதியலாம். சம்பளம் வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு மூத்த பிள்ளையாக இருந்தால் இதை லேசாக எடுக்காதீர்கள்.

படிக்கும் இடம் எதுவானாலும் கொழும்பில் இரண்டு இடங்களைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்று 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை. மும்மொழியிலும் விளக்கம் இருக்கும். மற்றது 2000இல் கலைஞர்களே சேர்ந்து தொடங்கிய தீர்த்த என்ற அமைப்பு. வருடத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். முதுமாணி நேர்முகத்தில் “அண்மையில் பார்த்த கண்காட்சி எது?” என்று கேட்பார்கள். பதில் இல்லாமல் முழிப்பது பரிதாபமாக இருக்கும்.

இந்தியாவுக்குப் போக எந்தப் புலமைப்பரிசில்?

இந்திய கலாசார உறவுகள் பேரவை தருவது. இலங்கையருக்கு அதற்குள் தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் இளமாணிக்கு, மௌலானா ஆசாத் முதுமாணிக்கு. கலைப் பாடங்களும் இதற்குள் வரும். முழுப் பாடநெறிக் கட்டணம், மாதாந்தக் கொடுப்பனவு, தங்குமிடப் படி, புத்தகங்களுக்கு வருடாந்தத் தொகை, மருத்துவ வசதி, விமானப் பயணம் எல்லாம் அடங்கும். கொழும்பில் உள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் அறிவித்தல் விடும், வழக்கமாக வருடத்தின் முதல் மாதங்களில். கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருப்பதால் நமக்குக் கேட்டறிவது சுலபம். நேரில் போங்கள், போனில் கேட்பதை விட நல்லது.

ஒரு சொல்: தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி நம்பிக்கை நிதியம் என்று இந்தியா வழங்கும் இன்னொரு உதவி இருக்கிறது. அது உயர்தர மாணவருக்கும் இளமாணி படிப்பவருக்கும். முதுமாணிக்கு அதை எதிர்பார்த்து நிற்காதீர்கள். உங்கள் தங்கைக்குச் சொல்லிவிடுங்கள், அவளுக்கு உதவும்.

போகிற அன்று கையில் இரண்டு மாதச் செலவு இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு, பதிவு என்று எல்லாம் ஒழுங்காகி முதல் கொடுப்பனவு வந்து சேர நாள் எடுக்கும். நான் ஆறு வாரம் அறைத் தோழியின் அரிசியில் சாப்பிட்டேன்.

இந்தியாவில் எந்தக் கல்லூரி?

எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் பீடம் 1950இல் தொடங்கியது. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, கலை வரலாறு எல்லாம் ஒரே வளவில் இருப்பதால் செய்கிறவர்களும் எழுதுகிறவர்களும் ஒரே தேநீர்க் கடையில் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் அங்கே பாதிப் படிப்பு. சாந்திநிகேதனின் கலாபவனம் 1919இல் தொடங்கியது, நந்தலால் போஸ் வழிநடத்திய இடம். வெளியில், மரத்தடியில், மண்ணோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு அது. நமது தேசிய கீதத்தை இயற்றிய ஆனந்த சமரக்கோன் கூட அங்கே போனவர்தான். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் சரோஜினி நாயுடு பள்ளி இருக்கிறது. சென்னையில் எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழைய கலைக் கல்லூரிகளில் ஒன்று. அங்கே மொழி ஒரு பிரச்சினையே இல்லை. சோழமண்டலம் கலைஞர் கிராமமும் பக்கத்தில். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கியது.

சென்னை வசதியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சென்னையைத் தெரிவு செய்யாதீர்கள். எனக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாமல்தான் போனேன். மூன்று மாதத்தில் மரக்கறிக் கடையில் பேரம் பேசினேன்.

பெயர் பெற்ற இடமா, காசு தரும் இடமா? இரண்டும் கிடைத்தால் எதை எடுப்பது?

காசு தரும் இடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். பெரிய பெயருள்ள இடத்துக்குப் பாதிக் காசோடு போகிறவர் மீதிப் பாதிக்கு இரவில் வேலை செய்வார். பகலில் ஸ்டுடியோவில் தூங்குவார். இரண்டு வருடம் முடியும்போது பெயர் கையில் இருக்கும், வேலை இருக்காது. கலைப் படிப்பில் வேலைதான் எல்லாம். உங்கள் பட்டச் சான்றிதழைப் பார்த்து எந்தக் காட்சிக்கூடமும் சுவர் தராது.

காசு சரி என்றால் அடுத்ததாக ஆசிரியர்களைப் பாருங்கள். அவர்கள் கடைசி ஐந்து வருடத்தில் என்ன செய்தார்கள்? அந்த வேலை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, அதோடு வாதாட வேண்டும் போல் இருக்கிறதா? ஒருவரை நம்பி ஓரிடத்துக்குப் போக வேண்டாம். என்னுடன் படித்த ஒருத்தி ஒரே ஒரு சிற்பியிடம் கற்கவென்று ஒரு கல்லூரியைத் தெரிவு செய்தாள். அவள் போய்ச் சேர்ந்த வாரம் அவர் இரண்டு வருட விடுமுறையில் கிளம்பினார். மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் இடம். ஒரு மாணவருக்கு எத்தனை அடி சுவர், அச்சு இயந்திரம் எத்தனை, உலை இருக்கிறதா, அது வேலை செய்கிறதா. இணையத்தில் உள்ள படங்களில் எல்லா ஸ்டுடியோவும் வெளிச்சமாகத்தான் இருக்கும். இப்போது அங்கே படிக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்: இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள்? பட்டறை உதவியாளர் நல்லவரா? கடைசியாக எப்போது ஆசிரியர் உங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார்? இந்த மூன்று பதிலில் ஒரு கல்லூரி முழுக்கத் தெரிந்துவிடும்.

போன வருடம் முடித்தவர்களின் கண்காட்சிப் படங்களையும் பாருங்கள். பத்துப் பேரின் வேலையும் ஒருவரே செய்தது போல் இருந்தால், அங்கே போனால் நீங்கள் பதினோராவது ஆள்.

அமெரிக்காவில் காசில்லாமல் படிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. மூன்று வகை இருக்கிறது. தனியார் கலைப் பள்ளிகள் பல, பெரிய பெயர், பெரிய கட்டணம், சின்னச் சலுகை. இரண்டாவது, சேர்க்கும் எல்லோருக்கும் கட்டணமும் செலவுக் காசும் தரும் சில பல்கலைக்கழகங்கள். ஸ்டான்ஃபோர்ட், நோர்த்வெஸ்டர்ன் போன்றவை அப்படி. கையால் எண்ணக்கூடிய பேரைத்தான் எடுப்பார்கள். மூன்றாவது வகையைத்தான் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்: அரச பல்கலைக்கழகங்கள், உதவி ஆசிரியர் வேலை கொடுத்து, கட்டணத்தைத் தள்ளிவிட்டு, மாதம் ஒரு தொகை தருபவை. வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரைதல் படிப்பிப்பீர்கள். ஊர் சின்னதாக இருக்கும், பனி கொட்டும், பெயர் யாருக்கும் தெரியாது. பரவாயில்லை. அந்த ஊரில் வாடகை குறைவு.

கடிதம் வந்தால் மூன்று விஷயம் பாருங்கள். கட்டணம் முழுக்கத் தள்ளுபடியா, பகுதியா? மருத்துவக் காப்புறுதியும் மற்றக் கட்டணங்களும் யார் தலையில்? இரண்டாம் வருடத்துக்கும் உறுதியா? முதல் வருடம் மட்டும் என்றால் அது அரைப் பாலம். ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்லும்படி உதவித்தொகை தரும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் உங்களை நெருக்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது. அதனால் பதறாமல் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடுதலாகத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டு எழுதலாம். கேட்பதால் இடம் போய்விடாது. நம் ஆட்கள் கேட்கவே கூச்சப்படுகிறோம்.

ஃபுல்பிரைட் முதுமாணிப் புலமைப்பரிசிலைக் கொழும்பில் உள்ள அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழு நடத்துகிறது. அந்த வருட அறிவித்தலில் உங்கள் துறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் போனால் படிப்பு முடிந்து இலங்கைக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை விசாவோடு வரும்.

விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 50 முதல் 100 டொலர் வரை போகும். தள்ளுபடி கேட்டு முன்கூட்டியே மின்னஞ்சல் போடுங்கள். பல துறைகள் தருகின்றன.

பிரித்தானியா, ஜேர்மனி?

பிரித்தானியாவில் செவ்னிங் புலமைப்பரிசில் முழுச் செலவையும் பார்க்கும். இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், அதை 2,800 மணித்தியாலம் என்று கணக்கிடுவார்கள். முடித்துவிட்டு நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். ஒரு வருடப் படிப்புகளுக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம். லண்டனில் உள்ள ஸ்லேட், கோல்ட்ஸ்மித்ஸ் ஆகியவற்றின், ஒரு வருடத்துக்கு மேல் நீளும் எம்.எஃப்.ஏ. இதற்குள் வராது.

ஜேர்மனியில் அரச கலை அகடமிகள் பெரும்பாலும் பாடநெறிக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் விதிவிலக்கு, அங்கே நம்மைப் போன்றவர்களுக்குத் தவணைக்கு 1,500 யூரோ. கட்டணம் இல்லை என்று கேட்டவுடன் சந்தோஷப்படாதீர்கள். விசாவுக்கு வருடச் செலவை முடக்கிய கணக்கில் காட்ட வேண்டும், 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அந்த நாட்டின் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் நுண்கலைப் பட்டதாரிகளுக்கென்றே ஒரு புலமைப்பரிசில் வைத்திருக்கிறது. அது கிடைத்தால் இந்தத் தலைவலி இல்லை. ஜேர்மன் மொழியை இப்போதே தொடங்குங்கள்.

அப்பாவின் ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசைப் போட்டு, மீதிக்குக் கடன் எடுக்கலாமா?

வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 2024இல் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 பேர் விழுந்தால், அதாவது 25 நாள் வேலை கிடைத்தால், 33,750. ஈ.பீ.எஃப். எட்டு வீதம் கழித்தால் 31,050. வருடத்துக்கு 40,000 டொலர் கேட்கும் கலைப் பள்ளி ஒன்றை எடுங்கள். டொலர் 300 ரூபா என்றால் ஒரு கோடியே இருபது இலட்சம். அம்மா கொழுந்து பறித்து, ஒரு ரூபாவும் செலவழிக்காமல் சேர்த்தால் 32 வருடம். அதுவும் ஒரு வருடக் கட்டணம் மட்டும். சாப்பாடு, வாடகை வேறு. 2022இல் ஒரு சில மாதத்துக்குள் டொலர் 200இலிருந்து 360க்குப் போனதையும் நாம் பார்த்தோம். அந்த நேரம் வெளிநாட்டில் சொந்தக் காசில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீடுகளில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

காசில்லாமல் வரும் அனுமதிக் கடிதத்தை நான் அனுமதி என்றே எண்ணுவதில்லை. நன்றி சொல்லி எழுதுங்கள், அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள், உதவித்தொகைக்கு மறுபடி போடுங்கள்.

ஊரில் உதவி கேட்பதில் தப்பில்லை. ஆனால் “படிப்புக்கு உதவுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கு இரண்டாயிரம் வரும். விமானச் சீட்டு, விசாக் கட்டணம், குளிர் சட்டை என்று ஒரு பொருளைச் சொல்லிக் கேளுங்கள். கோவில் கமிட்டி ஒன்று எனக்கு சூட்கேஸ் வாங்கித் தந்தது. இன்னும் அதைத்தான் பாவிக்கிறேன்.

படைப்புத் தொகுப்பில் என்ன வைப்பது? எப்படிப் படம் எடுப்பது?

வழக்கமாக 15 முதல் 20 படங்கள் கேட்பார்கள். உயர்தரத்தில் வரைந்த பூச்சாடி, பென்சிலில் நடிகர் முகங்கள், கல்யாண வீட்டுக்குச் செய்த அலங்காரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கை வருகிறது என்பதைக் காட்ட இரண்டு போதும். மீதி எல்லாம் கடைசி இரண்டு வருடத்தில் நீங்கள் எதையோ விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். பன்னிரண்டு நல்லது இருந்தால் பன்னிரண்டோடு நிறுத்துங்கள். எண்ணிக்கைக்காகச் சேர்த்த மூன்று படம் நல்ல பன்னிரண்டையும் கீழே இழுக்கும்.

படம் எடுப்பதற்கு நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது: பனிமூட்டம். கொழும்பில் ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுத்து விளக்கு வைத்துச் செய்வதை, காலை ஏழரை மணிக்கு நம் இஸ்தோப்பு (முன் விறாந்தை) சும்மா தரும். மூட்டம் இறங்கியிருக்கும்போது வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும், நிழலும் இல்லை, பளபளப்பும் இல்லை. கண்ணாடிச் சட்டம் இருந்தால் கழற்றுங்கள். படத்தைச் சுவரில் நேராக மாட்டுங்கள். போனை ஒரு ஸ்டூலில் புத்தகம் அடுக்கி, படத்தின் நடுவுக்குச் சமமாக வையுங்கள். கிட்டப் போகாதீர்கள், நாலு அடி பின்னால் நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கிட்ட நின்றால் ஓரங்கள் வளையும். ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து முதல் படம், அப்புறம் தாள் இல்லாமல் அடுத்தது. நிறம் திருத்தும்போது அந்தத் தாள்தான் உங்கள் அளவுகோல். ஃப்ளாஷ் கூடவே கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, வருடம், ஊடகம், அளவு சென்றிமீற்றரில்.

மே முதல் மழை பிடித்துவிட்டால் கடதாசி வேலைகளில் பூஞ்சணம் ஏறும். அதற்கு முன் எடுத்து முடியுங்கள்.

இப்படித்தான் ஒரு பிள்ளை எனக்கு அனுப்பிய படங்களில் ஒன்றின் ஓரத்தில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவள் அம்மாவின் படங்கு விழுந்திருந்தது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் துணி அது. கட்டிக்கட்டி, ஈரம் பட்டு, தேயிலைச் சாயம் ஏறி, ஒரு வரைபடம் போல. ஓவியத்தில் அவள் வரைந்திருந்தது மலையும் சூரியனும். நான் மலையை விட்டுவிட்டு அந்தப் படங்கைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டு மாதம் கழித்து பதினொரு படங்குகளின் படம் அனுப்பினாள், ஒவ்வொன்றின் கீழும் கட்டியவர் எத்தனை வருடம் மலைக்கு வேலைக்குப் போனார் என்று எழுதி.

விருப்ப அறிக்கையில் தோட்டத்துக் கஷ்டத்தை எழுத வேண்டுமா?

“இருநூறு வருடத் துயரத்தைச் சுமந்த சமூகத்தில் பிறந்த நான்” என்று தொடங்கும் அறிக்கை மட்டும் இந்த வருடம் ஏழு என் கைக்கு வந்தது. உண்மைதான், ஆனால் அந்த வரியை யாரும் எழுதலாம். உங்கள் கைக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள். எந்தப் பொருளை எடுத்தீர்கள், என்ன செய்தீர்கள், எங்கே சரிவரவில்லை, அடுத்து என்ன முயற்சி. ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே தன் வேலையில் ஊடகமாக்கியவர். அங்கே கஷ்டம் தனியாக விளக்கப்பட வேண்டியதில்லை, கறையிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து நீங்களும் தேயிலைச் சாயத்தில் தொடங்க வேண்டாம். அது அவருடையது.

பிரட்டு (காலை ஆள்கணக்கு), கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுதல்), தலைக்கயிறு (கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிறு) போன்ற சொற்களைத் தமிழிலேயே வைத்து ஒரு வரி விளக்கம் கொடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள்.

என் ஆங்கிலம் போதாது. என்ன செய்ய?

இந்தியாவுக்குச் சமாளிக்கலாம். மேற்கே போக ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் வேண்டும். அமெரிக்காவில் பல இடங்கள் டுவோலிங்கோ பரீட்சையையும் ஏற்கின்றன, அது மலிவு, வீட்டிலிருந்தே எழுதலாம். சிக்னல் நல்ல இடமாகப் பாருங்கள். எங்கள் மலையில் என்றால் ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில்தான் கிடைக்கும். ஒரு வருடம் ஒதுக்குங்கள். தினமும் உங்கள் படம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் சத்தமாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். நேர்முகத்துக்கு அதை விட நல்ல பயிற்சி இல்லை.

சான்றிதழ்களில் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது!

நம் எல்லோருக்கும் இதுதான். பிறப்புச் சான்றிதழில் இராசேஸ்வரி, அடையாள அட்டையில் ராஜேஸ்வரி, பட்டச் சான்றிதழின் ஆங்கிலத்தில் மூன்றாவது மாதிரி. தோட்டத்தில் யாரோ பதிந்தார், அலுவலகத்தில் யாரோ சிங்களத்தில் கேட்டு எழுதினார். சின்ன எழுத்து வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்தால் பல இடத்தில் ஏற்பார்கள். அப்பா பெயரோ பிறந்த திகதியோ பிழை என்றால் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்குப் போடுங்கள், மாதக்கணக்காகும். கடவுச்சீட்டு எடுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எல்லா விண்ணப்பத்திலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துத்தான். ஆவணங்களை உறுதிப்படுத்தக் கொழும்புக்கே ஓட வேண்டாம், வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குக் கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது.

நான் ஆசிரியர் நியமனத்தில் இருக்கிறேன். லீவு தருவார்களா?

கற்கை விடுமுறைக்கு விண்ணப்பிக்கலாம். அதிபர், வலயக் கல்விப் பணிமனை, மேலே என்று கடிதம் படியேறும். பிணையில் கையெழுத்து வாங்குவார்கள்: திரும்பி வந்து இத்தனை வருடம் சேவை செய்வேன், இல்லாவிட்டால் காசைக் கட்டுவேன் என்று. யார் பிணை நிற்பார் என்பதை முதலில் யோசியுங்கள். அனுமதி கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள். சேவையை விட்டுச் சென்றவராகக் கணித்துவிட்டால், திரும்ப நுழைவது பெரும்பாடு.

டீச்சர், நான் ஒரு அம்மா. படம் வரைந்து பிள்ளை சாப்பிடுமா?

அம்மா, பொய் சொல்ல மாட்டேன். முதுமாணி முடித்தவுடன் வேலை காத்திருக்காது. இப்படிப் படித்தவர்கள் பாடசாலையில் இருக்கிறார்கள், கம்பஸில் இருக்கிறார்கள், கொழும்பில் வடிவமைப்புச் செய்கிறார்கள், புத்தகங்களுக்குப் படம் போடுகிறார்கள். படம் விற்று மட்டும் சாப்பிடுகிறவர் மிகக் குறைவு. அதனால்தான் கடன் இல்லாமல் போகச் சொல்கிறேன். கடன் இல்லாத பிள்ளைக்கு வந்து நின்று யோசிக்க நேரம் இருக்கும்.

பெண் பிள்ளை தனியாகவா என்று கேட்பீர்கள். விடுதி இருக்கிறது, இலங்கைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் அம்மா என் கலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுடுதண்ணீர் இருக்குமா என்று மட்டும் கேட்டார். நாற்பது பாகை வெயில் ஊரில் போய் இறங்கி அவருக்குப் போன் எடுத்துச் சிரித்தேன்.

எப்போது தொடங்க வேண்டும்?

போக நினைக்கும் நாளுக்கு ஒன்றரை வருடம் முன். செவ்னிங் ஓகஸ்ட் போல் திறந்து ஒக்டோபர், நவம்பருக்குள் மூடும். அமெரிக்க விண்ணப்பங்கள் டிசம்பர், ஜனவரி, பதில் மார்ச்சில். இந்தியா வருடத் தொடக்கம். சிபாரிசுக் கடிதம் தரும் ஆசிரியருக்கு ஆறு வாரம் கொடுங்கள், உங்கள் படங்களையும் அறிக்கையையும் கூடவே அனுப்புங்கள். “சேர், நாளைக்குக் கடைசி நாள்” என்று எழுதினால் அவர் எழுதும் கடிதமும் அந்த அவசரத்தில்தான் இருக்கும்.

காசு வாங்கிக்கொண்டு எல்லாம் செய்து தருகிறோம் என்கிற ஏஜென்ட்?

அவர்களுக்குத் தரகு கொடுக்கும் கல்லூரிகளுக்குத்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். கட்டணம் தள்ளுபடி செய்யும் கல்லூரி எதற்குத் தரகு கொடுக்கப் போகிறது?

எல்லாம் கிடைத்துவிட்டது டீச்சர்! என் ஓவியங்களை எப்படிக் கொண்டு போவது?

சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டுங்கள். வர்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். எல்லோரும் உள்ளே வைத்துத்தான் சுருட்டுகிறார்கள், வர்ணம் நசுங்கி வெடிக்கும். இடையில் மெழுகுத்தாள் வையுங்கள். எண்ணெய் வர்ணம் காய்ந்து ஆறு மாதமாவது ஆகாததைச் சுருட்ட வேண்டாம், ஊரில் விட்டுவிட்டுப் போங்கள். ஹட்டன் டவுனில் ஹாட்வெயார் கடையில் நாலு அங்குல பீ.வீ.சி. குழாய் ஐந்து அடி வெட்டித் தருவார்கள், இரண்டு மூடியும் வாங்குங்கள். ஒரு மூடியை ஒட்டுங்கள், மற்றதை ஒட்ட வேண்டாம், கட்டுநாயக்க விமான நிலையத்தில் திறந்து காட்டச் சொல்வார்கள். குழாயில் பெயரையும் போன் நம்பரையும் பெயின்டிலேயே எழுதிவிடுங்கள்.